கடலோரத்துப் பழைய அம்பாசிடர்: எஞ்சின் வேலை உள்ளூரில், தகர வேலை வெளியூரில்

கேள்வி இது: கீழக்கரையில் வாப்பா ஓட்டிய 1984 மாடல் அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி. ஆறு வருடமாக வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. ஓடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ராமநாதபுரம் டவுனில் பழைய மெக்கானிக்கிடம் விடுவதா, மதுரையில் எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கிற பெரிய ஒர்க்‌ஷாப்பில் விடுவதா, லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்புவதா?

மூன்றில் எதிலும் வண்டியை முழுதாக ஒப்படைக்காதீர்கள். வேலையைப் பிரியுங்கள். எஞ்சின், பிரேக், கிளட்ச், கரண்ட் வேலை ராமநாதபுரத்திலேயே முடியும். லேத்தில் நுணுக்கமாகக் கடைய வேண்டியவை மட்டும் மதுரைக்குப் போகட்டும், அதுவும் கழற்றிய பாகமாக. டிங்கர் வேலையையும் (பாடித் தகரத்தைச் சரிசெய்வது) பெயிண்டையும் கடலோரத்தில் செய்யவே வேண்டாம். பரமக்குடிக்கோ அதற்கும் மேற்கேயோ கொண்டுபோங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எஞ்சினுக்குப் பெரிய ஊர் தேடிப் போய்விட்டு, பாடியைப் பக்கத்துத் தெருப் பட்டறையில் விடுகிறார்கள். இரண்டு மழை தாண்டுவதற்குள் பெயிண்ட் கொப்பளித்துக்கொண்டு வரும்.

முதலில் எஞ்சின். உங்கள் வண்டியில் இருப்பது 1489 சிசி, பி.எம்.சி. பி சீரிஸ். பழைய மோரிஸ் ஆக்ஸ்போர்டு கார்களில் வந்த எஞ்சின். சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. உத்தரபாரா தொழிற்சாலை 2014-லேயே நின்றுவிட்டது, அதனால் கம்பெனி சர்வீஸ் என்று எங்கேயும் எதிர்பார்க்க வேண்டாம். மதுரையின் பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் இருக்கும், ஏசி போட்ட காத்திருப்பு அறை இருக்கும். அங்கே வேலை பார்க்கிற பையன்களில் பலர் பாயின்ட், கண்டென்சர் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்ந்து தரும் பழைய பாகம்) தொட்டே இருக்க மாட்டார்கள். இந்த எஞ்சினுக்கு வேண்டியது கை தெரிந்த ஆள். டாக்ஸி ஸ்டாண்டில் அம்பாசிடர் வரிசை கட்டி நின்ற காலத்து மெக்கானிக்குகள் ராமநாதபுரம், பரமக்குடிப் பக்கம் இன்னும் வேலை பார்க்கிறார்கள். போர்டு இருக்காது. பழைய டாக்ஸி டிரைவர்களைக் கேட்டால் ஆளைக் காட்டிவிடுவார்கள்.

ஆளைக் கண்டுபிடித்ததும் வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஆறு வருடம் நின்ற வண்டியை அவர் எப்படி அணுகுகிறார் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். பேட்டரியும் ஜம்பர் ஒயருமாக வந்து நேராகச் செல்ஃப் அடிக்கப் பார்த்தாலோ, ‘தள்ளி ஸ்டார்ட் பண்ணிருவோம்’ என்றாலோ, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். உப்புக்காற்றில் இத்தனை காலம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் போரோடு (சிலிண்டரின் உட்சுவர்) லேசாகத் துரு பிடித்து ஒட்டியிருக்கும். அப்படியே சுற்றினால் ரிங் உடையும், போரில் கோடு விழும்.

முறை இப்படி இருக்க வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊற விடுவது. மறுநாள் பிளக் இல்லாமலே, டாப் கியரில் போட்டு வண்டியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து எஞ்சின் சுற்றுகிறதா என்று பார்ப்பது. அதற்கு முன் நான்கு சக்கரத்திலும் பிரேக் டிரம் பிடி விட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் பின் டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொண்டிருக்கும், சுத்தியால் சுற்றிலும் தட்டி விடுவிக்க வேண்டும். டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை முழுவதும் இறக்கி, சம்ப் ஆயிலையும் பில்டரையும் மாற்றி, வால்வு கவரைத் திறந்து ராக்கர் மேல் ஆயில் ஊற்றி, அதன் பிறகு பிளக் இல்லாமலே செல்ஃபில் சுற்றி ஆயில் பிரஷர் ஏற விட வேண்டும். பிறகுதான் பிளக்கும் பெட்ரோலும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. மிதித்தாலும் கியர் விழாது. இதைச் சொல்லாமலே ஒருவர் எதிர்பார்த்து வந்தால் நல்ல ஆள்.

அடுத்து அவருடைய பட்டறையில் ஸ்பேனர் பலகையைப் பாருங்கள். பி சீரிஸ் எஞ்சின் வண்டியில் நட்டுகள் அங்குலக் கணக்கு. 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்கள் கண்ணில் பட வேண்டும். மில்லிமீட்டர் செட் மட்டுமே உள்ள இடத்தில் 1/2 நட்டில் 13-ஐப் போடுவார்கள். 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ., அதனால் 13 கொஞ்சம் ஆடும், நட்டின் முனை மழுங்கும். 7/16 என்பது 11.1, எனவே 11 ஏறாது, 12 சுற்றிவிடும். 9/16-க்கு 14 ஏறாது, 15 தளர்வு. ஏற்கெனவே துருப்பிடித்த நட்டு இரண்டாவது முயற்சியில் உருண்டுபோகும், பிறகு கேஸ் வெல்டிங் வைத்து அறுப்பார்கள். இசுசு எஞ்சின் வந்த பிந்தைய அம்பாசிடர்களில் எஞ்சின் நட்டுகள் மில்லிமீட்டர், பத்மினியிலும் அப்படியே. உங்கள் வண்டிக்கு அங்குல செட் கட்டாயம். அவரிடம் இல்லையென்றால் நீங்களே ஒரு செட் வாங்கி வண்டியில் போட்டுவிடுங்கள், செலவு பெரிதல்ல.

பிறகு சும்மா பேச்சுவாக்கில் கேளுங்கள்: ‘அண்ணே, இதுக்கு டேப்பட் எத்தனை தவு வைப்பீங்க?’ டேப்பட் என்று இங்கே சொல்வது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி; தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பதில் 15 தவு, அதாவது 0.38 மி.மீ. பாயின்ட் இடைவெளியும் 14 முதல் 16 தவுக்குள்தான், பிளக் 25 தவு. எண்ணைவிட முக்கியம் அவர் எப்படிச் செய்கிறார் என்பது. ஒன்பது கணக்கு தெரிந்தவர் சட்டென்று முடிப்பார்: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்ய வேண்டும், ஆறு திறந்தால் மூன்று, நான்கு திறந்தால் ஐந்து, இரண்டு திறந்தால் ஏழு. கூட்டினால் எப்போதும் ஒன்பது. பில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இல்லாமல் விரலால் ஆட்டிப் பார்த்து ‘சத்தம் வராம வெச்சுட்டேன்’ என்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். டேப்பட் சத்தம் போடாதபடி இறுக்கினால் சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது, எரிந்துபோகும். இந்த எஞ்சினில் லேசான டக்டக் சத்தம் இருந்தால்தான் ஆரோக்கியம்.

அவர் முன் பக்கத்து டார்ஷன் பாரை (ஸ்பிரிங் போல வேலை செய்யும் முறுக்குக் கம்பி) கழற்ற வேண்டி வந்தால், இடது வலது அடையாளம் போட்டுவிட்டுத்தான் கழற்றுவாரா என்றும் கேட்டுவிடுங்கள். ஒரு பக்கமாகவே முறுக்கப்பட்டுப் பழகிய கம்பி அது. மாற்றிப் போட்டால் எதிர்ப்பக்கம் முறுக்கும், பிறகு முறியும். ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கேள்வி உண்டு. அது சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த வண்டி. முன் சக்கரத்தின் அடி டிரன்னியனுக்கு (சக்கரம் திரும்ப உதவும் மரை மூட்டு) கிரீஸா, ஆயிலா? இ.பி.90 ஆயில்தான். ‘கிரீஸ் அடிச்சா போதும்’ என்று சொல்பவரிடம் ஹெரால்டை விடாதீர்கள். மரையில் ஆயில் இல்லாமல் உப்பு ஏறினால் அந்த இடம் ஒருநாள் திருப்பத்தில் ஒடிந்து, சக்கரம் மடங்கிவிடும்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்தபின் அது 140 வரை இறங்கலாம். கடலோரத்தில் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஆறு வருடம் நின்ற வண்டியில் வீல் சிலிண்டரின் உட்சுவரில் குழி விழுந்திருக்கும். அதில் புது ரப்பர் கிட் மட்டும் போட்டால் ஒரு மாதம் பிடிக்கும், பிறகு ஒழுகும். விரலை உள்ளே விட்டு வருடிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டுப்பட்டால் சிலிண்டரையே மாற்றுங்கள். அம்பாசிடருக்கு அவை இன்னும் கிடைக்கின்றன. ரப்பர் கப்புகளைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. அப்படிக் கழுவிய ரப்பர் ஊதிவிடும், பிரேக் பிடித்தால் விடாது. புது பிரேக் ஆயிலில்தான் அலசி மாட்ட வேண்டும். இதை நின்று கவனியுங்கள்.

பிரேக் குழாய் இன்னொரு இடம். இரும்புக் குழாய் கிளிப்புக்கு அடியில்தான் முதலில் அரிக்கும், மேலே பார்த்தால் தெரியாது. கிளிப்பைக் கழற்றித் துடைத்துப் பார்க்க வேண்டும். ‘ஏசி காப்பர் குழாய் இருக்கு, துரு பிடிக்காது, போட்டுரலாம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெறும் செம்பு அதிர்வில் இறுகி வெடிக்கும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி உள்ள இந்த வண்டியில் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போச்சு. பிரேக்குக்கென்றே வரும் குழாயை வாங்கி, முனையை இரட்டையாக மடித்துக் கொடுக்கிற கருவி உள்ளவரிடம் கொடுங்கள். அந்தக் கருவி இருக்கிறதா என்று கேட்பதும் ஒரு நல்ல பரீட்சை.

இனி யாரும் யோசிக்காத விஷயம், தண்ணீர். நம் கடலோரத்தில் பெரும்பாலான போர் தண்ணீர் (ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்) உப்பு. வாட்டர் சர்வீஸ் செய்கிற இடத்தில் அந்தப் போர் தண்ணீரைத்தான் பிரஷரில் அடிக்கிறார்கள். காற்றில் வரும் உப்பு மேலே படியும். பிரஷரில் அடித்த உப்புத் தண்ணீரோ பாடியின் பெட்டிப் பகுதிகளுக்குள்ளேயே புகுந்து காய்ந்து தங்கும். அம்பாசிடரில் கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், பின் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம், இந்த மூன்றும் அப்படித்தான் ஓட்டை விழுகின்றன. சர்வீஸ் எங்கே என்று முடிவு செய்வதற்கு முன் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய். அங்கே குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துப் பாருங்கள். 500-க்குக் கீழே காட்டினால் கழுவலாம். 2000-க்கு மேல் காட்டினால் வண்டி அழுக்காகவே இருக்கட்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் வீட்டிலேயே நான்கு குடம் பிடித்து, ஈரத் துணியால் துடைத்து, அடிப்பக்கத்தை மட்டும் ஊற்றி அலசினால் அது எந்த வாட்டர் சர்வீஸையும்விட மேல்.

கழுவி முடித்ததும் அடியில் டீசலையும் கழிவு ஆயிலையும் கலந்து ஸ்ப்ரே அடிப்பார்கள். தகரத்துக்கு அது கொஞ்ச நாள் உதவும் என்பது உண்மைதான், வள்ளத்துக்கு மீன் எண்ணெய் தடவுகிற அதே எண்ணம். ஆனால் ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ், எஞ்சின் மவுண்டிங் எல்லாம் அதில் ஊறிப் பிய்ந்துவிடும். லைனிங்கில் பட்டால் பிரேக்கும் போகும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரேடியேட்டருக்கும் இதே கணக்குதான். போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய எஞ்சினில் பிளாக்கின் பின்பகுதியில் சேறும் உப்புக்கட்டியும் சேர்ந்து நான்காவது சிலிண்டர் சூடாகும். பிளாக்கின் வடிகால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது, கம்பி விட்டுக் குத்தினால் காவி நிறத்தில் கூழ் வரும். அது சுத்தமாக வடியும்வரை கழுவச் சொல்லுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும், கூலண்ட் மூன்றில் ஒரு பங்காவது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம்மூர் வழக்கம், ‘வெயில் ஊருக்கு அது தேவையில்லை’ என்பார்கள். அது இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வரத் தாமதமாகும், ஆயிலில் ஈரம் தங்கிச் சகதியாகும், போர் தேயும். வண்டி சூடேறினால் அடைபட்ட ரேடியேட்டரைக் கோர் மாற்றிச் சரிசெய்ய வேண்டும். தெர்மோஸ்டாட்டைத் தண்டிப்பதால் பயனில்லை.

எஞ்சின் உள்ளே திறக்க வேண்டுமா என்பதை கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், புகையைப் பார்த்து அல்ல. நீண்ட நாள் நின்ற எஞ்சின் முதல் சில மணி நேரம் புகைக்கும். 200, 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு சூடான எஞ்சினில் நான்கு சிலிண்டரும் அளந்து எழுதுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் கோளாறு ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். இந்த இரண்டாவது அளவை எடுக்காமலே ‘முழு ஓவராயில் பண்ணிரலாம்’ என்பவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, உங்கள் பையைப் பார்க்கிறார்.

திறந்தே ஆக வேண்டும் என்றால் ஹெட்டையும் பிளாக்கையும் கிராங்கையும் மதுரைக்கு அனுப்புங்கள். ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் லேத்துகளில் கை உள்ளவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களின் அன்றாட வேலை படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் மராமத்துக்கு ஏறும். அந்த இரண்டு மாதம் உங்கள் காரின் கிராங்க் மூலையில்தான் கிடக்கும். ரீபோரிங் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்துவது) கடையில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: போரை மேல், நடு, அடி என மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளந்து சீட்டில் எழுதித் தருவார்களா? பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகு அந்தப் பிஸ்டனை அளந்து போர் போடுவார்களா, இல்லை ‘20 தவு ஓவர்சைஸ்’ என்று பொதுவாகப் போட்டுவிடுவார்களா? டூப்ளிகேட் பிஸ்டன்களில் அளவு ஒன்றுக்கொன்று மாறும், ஆகவே பிஸ்டன் முன்னால் இல்லாமல் போர் போடக்கூடாது.

ஹெட் கழன்றிருக்கும்போது எக்ஸாஸ்ட் சீட்டையும் (எக்ஸாஸ்ட் வால்வு மூடி உட்காரும் விளிம்பு) கேளுங்கள். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல்தான். பழைய வார்ப்பு இரும்பு ஹெட்டில் ஈயம் தந்த பாதுகாப்பு இல்லாமல் எக்ஸாஸ்ட் சீட் உள்வாங்கும். டேப்பட் இடைவெளி ஒவ்வொரு சர்வீஸிலும் தானாகக் குறைந்துகொண்டே வந்தால் அதுதான் அடையாளம். கடினப்படுத்திய சீட் வளையம் நான்கு எக்ஸாஸ்டுக்கும் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் இதற்காகவே நன்றாக ஓடுகிற ஹெட்டைக் கழற்றாதீர்கள். கழற்றும் காலம் வரும்போது செய்தால் போதும்.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 1984-இன் ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயாப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹோஸ் உள்ளே உரிந்து கார்பரேட்டர் நீடிலில் அடைக்கும், வெளியே கசிந்தால் சூடான மேனிஃபோல்டு பக்கத்திலேயே சொட்டும். எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். கடற்காற்றில் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் அடியில் தண்ணீர் பிரிந்து டேங்க் துருப்பிடிக்கும். ஓட்டாத மாதங்களில் டேங்கைக் காலியாக்கிவிடலாம், இல்லையென்றால் நிறைத்து வைத்து அடிக்கடி ஓட்டுங்கள்.

கரண்ட் வேலைக்கு மெக்கானிக் போதாது, தனி ஆட்டோ எலக்ட்ரீசியன் வேண்டும். நம் பக்கத்தில் லைட் மங்கினால், செல்ஃப் இழுக்காவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி எர்த், அதாவது பேட்டரியை எஞ்சினோடும் பாடியோடும் இணைக்கும் ஒயர். ஒயரின் செம்பில் களிம்பு பூத்து உள்ளே பச்சையாகிக் கிடக்கும், மேலே உறை புதிது போலவே இருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகடிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது பார்க்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி, அரை வோல்ட் தாண்டினால் எர்த் பட்டையை மாற்ற வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். இதைச் செய்யாமல் பேட்டரி விலை பேசுகிறவரிடம் ஒயரிங்கைக் கொடுக்காதீர்கள். களிம்பு பிடித்த ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதும் வேண்டாம். பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, டெர்மினலை நெருக்கி, மேலே வாசலின் தடவினால் இங்கே சில வருடம் நிற்கும்.

தகரத்துக்கு ஏன் உள்ளே போகச் சொல்கிறேன்? பெயிண்ட் உரித்த தகரம் கடற்காற்றில் ஒரே இரவில் செந்நிறமாகிவிடும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் கீழக்கரையிலோ ஏர்வாடியிலோ காலையில் உரித்ததை மாலையில் தொட்டாலே விரலில் துரு ஒட்டும். அதன்மேல் பிரைமர் அடித்தால் உப்பையும் துருவையும் உள்ளே வைத்துத் தைத்ததாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தால் டூகோ பெயிண்ட் வெள்ளை படரும். ராமநாதபுரத்திலிருந்து பரமக்குடி 40 கிலோமீட்டருக்குள்தான், மானாமதுரை இன்னும் உள்ளே. காற்றில் உப்பு அந்த அளவுக்கு இருக்காது. தை முதல் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள்.

அங்கேயும் டிங்கர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்க்க வேண்டும். துருப்பிடித்த இடத்தின் மேலேயே ஒரு தகரத்தை வைத்து வெல்டிங் பொட்டு வைத்து, பட்டி பூசி மூடுவது வழக்கமான குறுக்குவழி. இரண்டு தகரத்துக்கும் நடுவில் ஈரம் நிற்கும், முன்பைவிட வேகமாக அரிக்கும். சரியான வேலை என்றால் நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, 20 கேஜ் தகரத்தை (அடிப் பகுதிக்கு 18 கேஜ்) அளவாக வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்டிங். பாஸ்பாரிக் அமிலக் கரைசல் தடவிக் கழுவி உலர்த்தி, அன்றே எபாக்ஸி பிரைமர். வெறும் ரெட் ஆக்சைடு ஈரத்தைக் கசியவிடும், அதை நம்பாதீர்கள். சில் பெட்டியின் உள்ளே மெழுகு ஸ்ப்ரே, கதவடி வடிகால் துளைகள் திறந்தே இருக்க வேண்டும். பட்டி எவ்வளவு என்று தெரிய, சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பிடித்து ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, அல்லது கனமாகப் பட்டி இருக்கிறது. வேலைக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை, வாங்கும்போது பெயிண்டுக்கு முன் ஒருமுறை பாருங்கள். கறுப்புத் தார் பூச்சு அடித்து அடியை மூட அவசரப்படும் பட்டறையில் எதையோ மறைக்கிறார்கள்.

சென்னை, கோயம்புத்தூரில் பழைய கார் புதுப்பிக்கும் இடங்கள் நல்லவைதான், ஆனால் அவை பாகமே கிடைக்காத வண்டிகளுக்கு. அம்பாசிடருக்கு வேண்டியது சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து பார்சலில் வந்துவிடும். வண்டியே போக வேண்டியதில்லை. 500 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் வண்டியை மாதம் ஒருமுறைகூட நீங்கள் போய்ப் பார்க்க மாட்டீர்கள், அதுதான் உண்மையான ஆபத்து.

பேப்பர் விஷயம் ஒன்று. 1984 வண்டி இன்னும் விண்டேஜ் கணக்கில் வராது, அதற்கு ஐம்பது வயது ஆக வேண்டும். அதனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 20 வயது தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. ‘இந்த எஞ்சின் வேண்டாம், டீசல் ஒன்று இருக்கு, ஏத்திரலாம்’ என்று யாராவது ஆசை காட்டினால், எஞ்சின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறாமல் வண்டி எஃப்.சி.யில் நிற்காது என்பதை நினைவில் வையுங்கள். வேலைக்கு விடும் நாளில் எஞ்சின் நம்பர், சேஸ் நம்பர், கார்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகம் எல்லாம் கோணியில் திரும்ப வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய எஸ்.யு. கார்பரேட்டரும் அசல் டிஸ்ட்ரிபியூட்டரும் காணாமல் போகும் சாமான்கள்.

முதல் வேலையாகப் பெரியதைக் கொடுக்காதீர்கள். 20டபிள்யூ-50 மினரல் ஆயில் நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக, பில்டர், பாயின்ட், கண்டென்சர், பிளக், டேப்பட், முழுக் கிரீஸ். இவ்வளவு மட்டும் சொல்லி விட்டுப் பாருங்கள். திரும்பி வந்ததும் முன் சக்கரத்தின் எல்லா நிப்பிளிலும் (கிரீஸ் ஏற்றும் முனை) புதுக் கிரீஸ் பிதுங்கித் தெரிகிறதா, பழைய அழுக்கு மூடியே இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். எல்லாரும் தவறவிடுவது உள்பக்கத்து நிப்பிள்களைத்தான். 1500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஓடாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே கிரீஸ் ஏற வேண்டும். அதைச் சொல்லாமலே செய்து அனுப்பியவரிடம் அடுத்து பிரேக் வேலையைக் கொடுக்கலாம். வண்டி வீடு வந்ததும் கொட்டகையின் கடல் பக்கத்தை மட்டும் தட்டி வைத்து மறைத்துவிடுங்கள், எதிர்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே வியர்த்து நிற்கும்.